கடைமடைத் தம்பியும் ஆங்கிலப் பேப்பரும்

திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்கு நடுவே ஒரு டீக்கடை. மாலை ஐந்து மணிக்கு நான் அங்கே ஆஜர். ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் முப்பது வருஷம் ஏஜென்சிக்காரர்கள் அனுப்பும் ஆங்கிலக் காப்பியைத் தமிழாக்கிவிட்டு ஓய்வு பெற்றவன். இன்னும் பேப்பரில் பிழை கண்டால் கை தானாகப் பேனாவைத் தேடும். இந்த வியாதியைப் பார்த்துத்தான் அந்தத் தம்பி என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தான்.

பேராவூரணிப் பக்கம் ஊர். அப்பா விவசாயம். வங்கித் தேர்வுக்குப் படிக்க வந்து மேன்ஷனில் தங்கியிருக்கிறான். கையில் ஒரு நீள நோட்டு.

"சார், இதுவரைக்கும் ஆயிரத்து நூறு வேர்டு எழுதிட்டேன். ஆனா எடிட்டோரியல் எடுத்தா நாலாவது வரியிலயே மூச்சு முட்டுது."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ், நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ‘யுபிக்விடஸ்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘எங்கும் நிறைந்த’ என்று எழுதியிருந்தான்.

"இதை வச்சு ஒரு வாக்கியம் சொல்லு தம்பி."

"காட் இஸ் யுபிக்விடஸ்."

டீ மாஸ்டர்கூடத் தலையாட்டினார். இலக்கணப்படி பிழையே இல்லை. ஆனால் எந்த ஆங்கிலப் பேப்பரும் கடவுளைப் பற்றி அப்படி எழுதாது. கடவுளுக்கு ‘ஆம்னிபிரசண்ட்’. யுபிக்விடஸ் என்பது பிளாஸ்டிக் பைக்கு, செல்போன் கடைக்கு, தேர்தல் நேரத்து ஃபிளெக்ஸ் பேனருக்கு. எங்கு திரும்பினாலும் கண்ணில் படுகிறதே என்ற லேசான சலிப்பு அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். தமிழில் நாமும் அப்படித்தானே. எங்கும் நிறைந்தவன் இறைவன். மூலைக்கு மூலை இருப்பது பஜ்ஜிக்கடை. இரண்டையும் மாற்றிப் போட்டால் இறைவன் பஜ்ஜி போட உட்கார்ந்துவிடுவார்.

நோட்டில் கோளாறு இதுதான். சொல்லை அது நின்ற இடத்திலிருந்து பிடுங்கி வேரில் ஒட்டிய மண்ணை உதறிவிட்டு எழுதியிருக்கிறான். நாற்றைப் பிடுங்குகிறவன்கூட வேரோடு கொஞ்சம் சேற்றை விட்டுவைப்பான். இதை அவனிடம் சொன்னதும் முதல் முறையாகச் சிரித்தான். நாற்று அவனுக்குத் தெரிந்த விஷயம்.

"சரி சார், எடிட்டோரியலை எப்படிப் படிக்கிறது?"

"இப்போதைக்குப் படிக்காதே."

அவனுக்கு அதிர்ச்சி. ‘தினமும் இந்து தலையங்கம் படி, இங்கிலீஷ் தானா வரும்’ என்பது தமிழ்நாட்டு அப்பாக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கும் கஷாயம். எனக்கும் கொடுத்தார்கள். ஆனால் தலையங்கம் எழுதுபவர், செய்தி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறவர். விஷயமும் புதிது, சொல்லும் புதிது என்றால் எதைப் பிடித்து எதில் ஏறுவது?

இதற்கு ஒரு கணக்கே உண்டு. பால் நேஷன் என்ற நியூசிலாந்து மொழியியலாளர் 2006ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், ஆங்கில நாளிதழையோ நாவலையோ துணையில்லாமல் படிக்க அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எட்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்கிறார். சொற்குடும்பம் என்றால் ‘கவர்ன், கவர்னர், கவர்ன்மென்ட்’ எல்லாம் சேர்ந்து ஒன்று. எட்டாயிரம் என்றதும் தம்பி நோட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். பயப்பட வேண்டியது அந்த எண்ணுக்கு அல்ல. 98 சதவீதம் என்பதைத் திருப்பிப் போட்டால், ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். ஐந்நூறு சொல் உள்ள கட்டுரையில் பத்துச் சொல் புதிதானால், மற்ற நானூற்றுத் தொண்ணூறும் சேர்ந்து அந்தப் பத்தையும் கைதூக்கிவிடும். முப்பது சொல்லுக்கு அடிக்கோடு போட வேண்டிவந்தால் அந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட வேண்டியதுதான். அது உங்கள் முட்டாள்தனம் ஆகிவிடாது. ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டிய கட்டுரை, அவ்வளவுதான்.

அப்படியானால் இன்றைக்கு எதைப் படிப்பது? விஷயம் ஏற்கெனவே அத்துப்படியான செய்தியை.

அது ஜூன் மாதம். பேப்பரில் மேட்டூர் அணைச் செய்தி வந்திருந்தது. மாவட்டப் பக்கத்தை அவன் கையில் கொடுத்தேன். முழுக் கொள்ளளவு உயரம் 120 அடி, ஜூன் 12 வழக்கமாகக் குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் நாள் என்பதெல்லாம் நான் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் எனக்குச் சொல்வான். கல்லணையிலிருந்து புதுஆறு வழியாகப் பேராவூரணிக்குத் தண்ணீர் வர எத்தனை நாள் ஆகும் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னான்.

"இப்ப படி. தெரியாத சொல்லுக்கு அகராதியைத் தொடாதே. உங்க ஊர்ல இதை என்னன்னு சொல்வாங்கன்னு மட்டும் யோசி."

‘ஸ்லூஸ்’ என்ற சொல்லில் நின்றான். அணையில் அதை ஏற்றி இறக்கித் தண்ணீர் விடுகிறார்கள் என்று செய்தி சொல்கிறது. "மதகா சார்?" மதகுதான். ‘டிசில்டிங்’ வேலை இன்னும் முடியவில்லை என்று விவசாயிகள் புகார். "தூர்வாருறது!" ‘டெயில்-எண்ட்’ பகுதிகளுக்குத் தண்ணீர் சேருமா என்ற கவலை. இங்கே அவன் முகமே மாறிவிட்டது. "கடைமடை சார். எங்க ஊருதான் அது." கால்வாய்க் கரையில் ‘பிரீச்’ ஏற்பட்டால் என்று அடுத்த வரி. உடைப்பு. ராத்திரி முழுக்க மணல் மூட்டை சுமந்த கதை அவனிடம் இருந்தது. ‘கிராண்ட் அனிக்கட்’ என்று கல்லணையைச் சொல்லியிருந்தார்கள். அந்த ‘அனிக்கட்’ நம் அணைக்கட்டேதான், ஆங்கில அகராதிக்குள் குடியேறிவிட்டது என்றேன். நம்பாமல் செல்போனில் தேடிப் பார்த்துக்கொண்டான்.

இருபது நிமிஷத்தில் ஐந்து சொல். ஒன்றைக்கூட அவன் மனப்பாடம் செய்யவில்லை. பொருள் அவனிடம் பிறந்ததிலிருந்து இருக்கிறது. ஆங்கிலம் அதற்கு இன்னொரு பெயர் சூட்டியது, அவ்வளவே.

இரண்டாவது டீ வந்தது. இனிமேல்தான் விஷயமே.

தலையங்கத்தில் மிரட்டுகிற சொற்களில் பாதி, வயலிலும் ஆற்றிலும் வேலை செய்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவை. பிரீச் என்றால் கரை உடைப்பு என்று தெரிந்தவனுக்கு ‘பிரீச் ஆஃப் டிரஸ்ட்’ ஒரு வித்தையா? நம்பிக்கை என்ற கரையில் உடைப்பு. ‘எரோஷன்’ கடலோரத்தில் மண்ணரிப்பு. நீதித்துறையின் மேல் உள்ள மதிப்பு ‘எரோட்’ ஆகிறது என்று தலையங்கம் எழுதினால், ஒரேயடியாக இடிந்து விழவில்லை, அலை வந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்று அந்தச் சொல்லே படம் காட்டிவிடுகிறது. ‘ஸ்டாக்னன்ட்’ என்பது ஓடாமல் தேங்கிய தண்ணீர். கொசு முட்டையிடும் தண்ணீர். சம்பளம் ஸ்டாக்னன்ட் என்றால் ஏறவில்லை என்பதோடு அதில் லேசாக ஒரு வாடையும் அடிக்கும். ‘இனண்டேட்’ வயல் மூழ்குவது. மாநகராட்சியைப் புகார்கள் இனண்டேட் செய்தன என்று எழுதுவார்கள்.

எனக்குப் பிடித்தது ‘ஸ்பேட்’. நம் ஊர் ஆங்கிலப் பேப்பர் மழைக்காலத்தில் ‘ரிவர் இன் ஸ்பேட்’ என்று எழுதும். திடீரென்று பெருக்கெடுத்த வெள்ளம். அதே பேப்பரின் குற்றச் செய்திப் பக்கத்தில் ‘எ ஸ்பேட் ஆஃப் பர்க்லரீஸ்’ என்று இருக்கும். அடுத்தடுத்து வீடு புகுந்து திருட்டு. ‘மெனி’ என்று எழுதியிருந்தால் எண்ணிக்கைதான் தெரியும். ஸ்பேட் என்றால், போன வாரம் வரை அமைதியாக இருந்த தெருவில் இந்த வாரம் வெள்ளம் புகுந்தாற்போல என்ற வேகம் தெரியும். நோட்டில் ‘ஸ்பேட் – அதிக எண்ணிக்கை’ என்று எழுதினால் இந்த வேகம் கழன்று விழுந்துவிடும். அப்புறம் ‘ஸ்பேட் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் இன் மை கிளாஸ்’ என்று எழுதத் தோன்றும். எழுதியும் இருக்கிறார்கள்.

2017ல் சசி தரூர் ஒரு ட்வீட்டில் ‘ஃபராகோ’ என்று எழுதி நாட்டையே அகராதி பக்கம் ஓடவிட்டாரே, அதுகூட லத்தீனில் மாட்டுக்கு வைக்கும் கலப்புத் தீவனம்தான். கண்டதையும் போட்டுக் கலக்கிய கூளம். அதற்காக அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை தலை காட்டுகிற சொல்லுக்கு இவ்வளவு விருந்து தேவையில்லை என்பது என் கட்சி. ‘பிரீச்’சுக்கும் ‘ஸ்பேட்’டுக்கும் போட்ட உழைப்பு மாதம் தவறாமல் வட்டி கொடுக்கும்.

மறுநாள் தம்பி தமிழ்ப் பேப்பரையும் சேர்த்து வாங்கி வந்தான். நான்தான் சொல்லியிருந்தேன். ஆங்கிலம் கற்கத் தமிழ்ப் பேப்பரா என்று மேன்ஷன் நண்பர்கள் கேலி செய்தார்களாம். அவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. அவர்கள் குடியிருக்கும் இதே திருவல்லிக்கேணியின் பெயரைத் தாங்கிய ஆறு இளைஞர்கள்தான், ‘டிரிப்ளிகேன் சிக்ஸ்’ என்பார்கள், 1878 செப்டம்பர் 20ல் இந்து பத்திரிகையைத் தொடங்கினார்கள். முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானதை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் எள்ளியதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தது. ஒன்றே முக்கால் ரூபாய் கடன், 80 பிரதிகள், வாரம் ஒரு முறை. அந்த அறுவரில் முதல்வரான ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் 1882ல் சுதேசமித்திரனையும் தொடங்கினார். ஆங்கிலத்தில் எழுதினால் துரைமாருக்கும் வக்கீல்களுக்கும் போகும், ஊருக்குப் போகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாளிலிருந்து இங்கிலீஷ் அரசியலுக்குத் தமிழ்ச் சொல் தேடுவது தமிழ்ப் பத்திரிகைக்காரன் தலையெழுத்து. 1904ல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதியும் இந்தச் செக்கை இழுத்தவர்தான். ‘மெம்பர்’ என்பதற்கு ஒத்த தமிழ்ச் சொல் சிக்காமல் அவர் திண்டாடி, கடைசியில் மெம்பர் என்றே விட்டுவிட்டார். இன்றைக்கு டீ மாஸ்டர்கூட ‘சட்டமன்ற உறுப்பினர்’ என்கிறார். நூற்று நாற்பது வருஷமாகப் பல பேர் இழைத்து வைத்த அகராதி, தமிழ்ப் பேப்பர் என்ற பெயரில் தினமும் காலையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாம்தான் அதை அகராதி என்று நினைப்பதில்லை.

எப்படி என்று காட்டினேன். நாடாளுமன்றச் செய்தி. ஆங்கிலத்தில் ‘அட்ஜர்ன்டு சைனி டை’. லத்தீன். தம்பி விழித்தான். தமிழ்ப் பேப்பரில் அதே செய்தி, ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு’. சைனி டை என்றால் ‘நாள் இல்லாமல்’ என்றுதான் பொருள், அப்படியே இறக்கியிருக்கிறார்கள். ‘சுவோ மோட்டோ’ என்று ஆங்கிலம் உறுமினால் தமிழ் ‘தாமாக முன்வந்து’ என்கிறது. ‘ஆன்டிசிபேட்டரி பெயில்’ முன்ஜாமீன். ‘டிஃபெக்‌ஷன்’ கட்சித் தாவல். அசலைவிடத் தமிழில் கொஞ்சம் காரம் கூடுதல். ‘விப்’ கொறடா. நரி வேட்டையில் கூட்டத்தை விட்டு விலகும் நாய்களை ஒழுங்குக்குக் கொண்டுவரும் சவுக்குக்காரனிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்த சொல் அது, கொறடாவும் சவுக்குதான். ‘ஜீரோ அவர்’ நேரமில்லா நேரம். இதைப் போட்ட மகராசன் யாரோ, அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம்.

தமிழில் முதலில், ஆங்கிலத்தில் பிறகு. வரிசை முக்கியம். செய்தி மனதில் இறங்கிய பிறகு ஆங்கிலத்தைத் திறந்தால் கண் சொல்லை மட்டும் கவனிக்கும். யார் யாரை என்ன செய்தார்கள் என்று தடுமாறாது.

ஆனால் தமிழை நம்பியும் விழலாம். நானே விழுந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வழக்குச் செய்தி வந்தது, ‘இன் கேமரா’ விசாரணை என்று. நான் ‘கேமரா முன்னிலையில் விசாரணை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் தலைமைத் துணை ஆசிரியர் புரூஃபில் பிடித்துவிட்டார். "யாரும் பார்க்கக் கூடாதுன்னு ஜட்ஜ் கதவைச் சாத்தச் சொல்றாரு. நீ படமே பிடிச்சுட்டியேப்பா" என்றார். லத்தீனில் கேமரா என்றால் அறை. மூடிய அறைக்குள் விசாரணை. படம் பிடிக்கும் பெட்டிக்கு அந்தப் பெயர் பிற்பாடு வந்தது. இருட்டறை என்று பொருள்படும் ‘கேமரா அப்ஸ்குரா’வின் சுருக்கம் அது. தெரிந்த சொல்தான் ஆபத்து. தெரியாத சொல்லிடம் நாம் எச்சரிக்கையாக நடந்துகொள்கிறோம். தெரிந்ததைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

‘சாங்ஷன்’ அப்படி ஒன்று. லோன் சாங்ஷன் ஆகிவிட்டது என்று பேராவூரணியில் டிராக்டர் வாங்குகிறவரும் சொல்வார். அனுமதி, ஒப்புதல். அந்தத் தெம்பில் வெளிநாட்டுப் பக்கத்தைத் திறந்தால் ஈரான் மீது அமெரிக்கா ‘சாங்ஷன்ஸ்’ விதித்தது என்று இருக்கும். அமெரிக்கா ஈரானுக்கு லோன் கொடுத்ததா? கொடுக்கவில்லை, பொருளாதாரத் தடை. ஒரே சொல் ஒப்புதலும் தண்டனையும் ஆனது எப்படி? வேர், சட்டத்துக்குப் புனிதமான கட்டு போடுவது என்ற பொருளுள்ள ஒரு லத்தீன் வினை. அந்தக் கட்டுக்குள் நடந்தால் அனுமதி, மீறினால் தண்டனை. இரண்டு கிளையும் ஒரே மரம். பெரும்பாலும் பன்மையில் வந்து ‘ஆன்’ என்று ஒரு நாட்டைச் சுட்டினால் தடை. கடன், பணியிடம், திட்டம் என்று ஏதாவது ஒன்றுக்கு வந்தால் ஒப்புதல். இதை அகராதி சொல்லும். ஆனால் லோனும் ஈரானும் ஒரே நாள் பேப்பரில் அடுத்தடுத்த பக்கத்தில் வந்தால் மறக்கவே மறக்காது.

‘மூட்’ இன்னொன்று. நம் ஊர்த் தலைப்பில் ‘ஃப்ளைஓவர் மூட்டட்’ என்றால் மேம்பாலம் கட்ட யோசனை முன்வைக்கப்பட்டது. ‘மூட் பாயிண்ட்’ என்றால் விவாதத்துக்குரியது. அமெரிக்கப் பேப்பரில் அதே மூட் பாயிண்ட், இனிப் பேசிப் பயனில்லாதது. ஆக யாருடைய பேப்பர் என்று பார்த்துவிட்டுப் பொருள் கொள்ள வேண்டும்.

சொல்வினைகள் பற்றி ஒரு முழு மாலை பேசினோம். சுருக்கமாகச் சொல்கிறேன். அமைச்சர் ‘செட்’ என்றால் சொன்னார். ‘கிளெய்ம்டு’ என்றால், அவர் சொல்கிறார், நிருபர் உத்தரவாதம் தரவில்லை. ‘கன்சீடட்’ என்றால் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார். ‘டினைடு’ மறுத்தார். ‘ரெஃப்யூட்டட்’ என்றால் ஆதாரம் காட்டிப் பொய்யென்று நிரூபித்தார். அவசரத்தில் நிருபர்களே இந்தக் கடைசி இரண்டையும் மாற்றிப் போடுவார்கள். நம் பேப்பரின் ‘என்று கூறப்படுகிறது’ இருக்கிறதே, அதுதான் ஆங்கிலத்தின் ‘அலெஜட்லி’. அதை விட்டுவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

ஒரு சொல்லை மட்டும் படித்துப் புரிந்துகொள், கையால் தொடாதே என்றேன். ஏதாவது ஒரு நாட்டை உலகம் ஒதுக்கிவைத்தால் ஆங்கிலத் தலையங்கங்கள் ‘பரையா ஸ்டேட்’ என்று எழுதும். அது எங்கிருந்து போனது என்று தம்பிக்குத் தெரியவில்லை. நம் மண்ணில் பறை என்ற தோற்கருவியோடு பெயர் சேர்ந்த மக்களின் சாதிப் பெயர். இங்கே நடந்த ஒதுக்கலைப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரையே ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொதுச்சொல்லாக்கி உலகம் முழுக்கக் கொண்டுபோய்விட்டார்கள். லண்டன்காரர் தெரியாமல் எழுதலாம். தமிழ் தெரிந்தவன் எழுதுவதற்கு ‘ஐசொலேட்டட்’ இருக்கிறது. தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நோட்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். தூக்கிப் போடச் சொல்லவில்லை. நடுக்கோட்டை மட்டும் எடுத்துவிட்டோம். இப்போது தனிச் சொல் எழுதுவதில்லை. சொல்லை அக்கம்பக்கத்தோடு மூன்று நான்கு சொல்லாகப் பெயர்த்து எழுதுகிறான். ‘இன்சசண்ட் ரெயின்’, ‘பிரீச் இன் தி பண்ட்’ என்று. கீழே சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் கூடாது என்று உத்தரவு. சந்தேகம் வந்தால் ஆங்கில–ஆங்கில அகராதி, அதிலும் கற்பவனுக்கென்றே எழுதியது. ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் பாடம் நடத்தும்போது தொகுத்து 1942ல் அங்கேயே முதலில் வெளிவந்த அகராதிதான் இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதிக்கு மூலம். வெளியிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைகிறவன் எங்கே தடுக்கி விழுவான் என்று தெரிந்து எழுதியது.

மறதிக்கு என்ன வழி என்றான். ஒரே செய்தியைப் பதினைந்து நாள் துரத்து என்றேன். ஒரு வழக்கோ, ஒரு புயலோ, ஒரு கிரிக்கெட் தொடரோ. நிருபர் நேற்றுப் போட்ட சொல்லையே இன்றும் போடுவார், அவருக்கும் சோம்பல் உண்டு. அந்தச் சோம்பல் நமக்கு லாபம். ஐந்தாம் நாள் அந்தச் சொற்கள் பழகிய நாய்க்குட்டி மாதிரி தானாக வந்து காலைச் சுற்றும்.

ஜூலையில் தம்பி நாலு நாள் கண்ணில் படவில்லை. ஊருக்குப் போயிருப்பான் என்றார் டீ மாஸ்டர். ஐந்தாம் நாள் வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. வீட்டிலிருந்து ‘எ ஸ்பேட் ஆஃப் கால்ஸ்’ வந்ததால் கிளம்பி ஊருக்குப் போய்விட்டானாம், ‘வாட்டர் ஹேஸ் ரீச்ட் டெயில்-எண்ட்’ என்று முடித்திருந்தான். டெயில்-எண்டுக்கு முன்னால் ஒரு ‘தி’ விட்டுப்போயிருந்தது. அதை நான் சொல்லவில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது என்று மட்டும் கேட்டேன்.